வரிசை கலைந்த பிறகு: வாகனம் செலுத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் வீதிகளில் மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, கார், வான், பஸ், லொறி செலுத்தும் அனைவருக்கும்,

ஒரு நாட்டின் பொருளாதாரம் சரியும்போது அங்குள்ளவர்கள் வாகனம் செலுத்தும் விதம் மூன்று வகையில் மாறுகிறது. பயணங்கள் குறைகின்றன. எஞ்சிய பயணங்கள் சிக்கனமாகச் செய்யப்படுகின்றன. வாகனத்தைப் பராமரிக்கும் செலவு தள்ளிப்போடப்படுகிறது. முதல் இரண்டு மாற்றங்களிலும் நன்மை உண்டு. மூன்றாவது உயிருக்கு ஆபத்தானது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நீங்கள் இந்த மூன்றையும் செய்தீர்கள். நெருக்கடி தணிந்ததும் முதல் இரண்டையும் கைவிட்டு மூன்றாவதை மட்டும் உங்களில் பலர் வைத்துக்கொண்டீர்கள் என்பது இந்த மடலின் முறைப்பாடு. அதைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பது இதன் வேண்டுகோள்.

இந்த நாட்டில் பெற்றோலும் டீசலும் டொலர் கொடுத்து வெளியிலிருந்து வாங்கப்படுபவை. சப்புகஸ்கந்தை ஆலையில் சுத்திகரிக்கப்படும் மசகெண்ணெயும் அப்படியே கப்பலில் வருவதுதான். 2019ஆம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு நாணயக் கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. 2022 மே மாதத்தில், உடனடியாகப் பயன்படுத்தக்கூடிய தொகை 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று நிதியமைச்சரே அறிவித்தார். அதற்கு முன்பே, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. மார்ச் மாதம் வரை டொலருக்கு 200 ரூபா அளவில் கட்டிவைக்கப்பட்டிருந்த நாணயம், அவிழ்த்துவிடப்பட்ட சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டிச் சரிந்தது. உங்கள் எரிபொருள் தாங்கி வறண்டதற்கான காரணம் இதுதான்: எண்ணெய் உலகில் இருந்தது, அதை வாங்க நாட்டிடம் டொலர் இருக்கவில்லை.

நெருக்கடி முதலில் விலையாக வந்தது. 2021 டிசம்பர் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபா. அது 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் இறுதியில் 470 ரூபா என்று ஏறியது. ஒட்டோ டீசல் அதே ஆறு மாதங்களில் 121 ரூபாவிலிருந்து 460 ரூபாவுக்குப் போனது. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 20 கிலோமீற்றர் ஓடுபவர், மாதம் 22 நாட்களுக்குச் சுமார் 1,730 ரூபா செலவழித்தார். அதே பயணத்துக்கு ஆறு மாதம் கழித்துச் சுமார் 4,600 ரூபா தேவைப்பட்டது. சம்பளம் அப்படியே இருந்தது. அரிசி, பருப்பு, பால்மா எல்லாவற்றின் விலையும் கூடவே ஏறின.

விலை ஏறும்போது குடும்பங்கள் பயணங்களைக் கைவிடுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் போவது பொழுதுபோக்குச் சுற்றுலா. அடுத்தது ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீடு. பிறகு, ஒரு தேங்காய்க்காகவும் ஒரு பாணுக்காகவும் சந்திக்குப் போய்வருவது. அதன்பின் பிள்ளைகளைத் தனியார் வகுப்புக்கு ஏற்றி இறக்குவது. வேலைக்கும் வைத்தியசாலைக்கும் போகும் பயணங்கள் கடைசிவரை நிற்கும். 2022இன் முதல் மாதங்களில் உங்கள் வீடுகளில் நடந்ததும் இதுவே. சந்தை, மருந்தகம், வங்கி என்று மூன்று தடவை புறப்பட்ட இடத்தில் ஒரே சுற்றில் மூன்றையும் முடித்தீர்கள். அயல்வீட்டுக்காரர் பட்டணத்துக்குப் போகிறாரா என்று கேட்டுப் பொருட்களைச் சொல்லி அனுப்பினீர்கள். அலுவலகத்தில் ஒரே பக்கம் வசிக்கும் நால்வர் ஒரே காரில் வந்தீர்கள். தேவையான பயணம் எது, பழக்கத்தால் செய்யும் பயணம் எது என்பதைப் பல வீடுகள் முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தன.

இரண்டாவது கட்டத்தில் பணம் இருந்தாலும் எரிபொருள் இல்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஒரு தடவைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபா, முச்சக்கரவண்டிக்கு 1,500 ரூபா, கார் மற்றும் வானுக்கு 5,000 ரூபா என்று எல்லை வகுத்தது. கான்களிலும் போத்தல்களிலும் வழங்குவது தடைசெய்யப்பட்டது. பெற்றோல் செட்டுக்கு முன்னால் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. வாகனத்தை வரிசையில் விட்டு இரவு முழுவதும் அதற்குள்ளேயே படுத்தீர்கள். நகரும்போது இயந்திரத்தை இயக்காமல் தள்ளிக்கொண்டு போனீர்கள். வெயிலில் காத்து நின்ற முதியவர்கள் வரிசையிலேயே உயிரிழந்தார்கள். ஒரு நாள் ஹயர் ஓடுவதற்காக இரண்டு நாள் வரிசையில் நின்ற முச்சக்கரவண்டிச் சாரதிக்கு, பெற்றோலின் உண்மை விலை செட்டின் பலகையில் எழுதியிருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். அவர் இழந்த இரண்டு நாள் உழைப்பும் அதில் சேரும்.

எரிபொருளின் தட்டுப்பாடு பதுக்கலை வளர்த்தது, பதுக்கல் தட்டுப்பாட்டை மேலும் வளர்த்தது. கப்பல் வரும், வராது என்ற ஒவ்வொரு வதந்திக்கும் அரைத் தாங்கி நிறைந்திருந்த வாகனங்களும் வரிசைக்கு வந்தன. தாங்கியிலிருந்து உறிஞ்சி எடுத்து வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றவர்களும் உண்டு. கறுப்புச் சந்தையில் ஒரு லீற்றர் பல மடங்கு விலைக்கு விற்றது. 2022 மே மாதத்தில் ஹல்துமுல்லைப் பகுதியில், பிறந்து இரண்டு நாளேயான ஒரு சிசுவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முச்சக்கரவண்டிக்குப் பெற்றோல் தேடி ஒரு தந்தை ஒரு மணித்தியாலம் அலைந்தார். சிசு பிழைக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது ஓரிரு லீற்றர். அவ்வளவு பெற்றோல் அந்த நாளில் நாட்டின் எத்தனையோ வீடுகளின் பின்புறத்தில் மூடிவைக்கப்பட்டிருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஜூன் 28 தொடக்கம் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அரச ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யப் பணிக்கப்பட்டார்கள். பாடசாலைகள் மூடப்பட்டன, திறந்த பிறகும் சில காலம் வாரத்தில் மூன்று நாட்களே நடந்தன. மார்ச்சில் 20 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலை முதலாம் திகதி 40 ரூபாவானது. அதைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் பஸ் கிடைக்கவில்லை, ஏனென்றால் பஸ்களும் டீசல் வரிசையில் நின்றன. புகையிரதங்களின் மிதிபலகைகளிலும் கூரைகளிலும் மக்கள் தொற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது கட்டம் பங்கீடு. 2022 ஜூலை 16ஆம் திகதி தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அறிமுகமாகி, ஆகஸ்ட் தொடக்கத்தில் நாடெங்கும் கியூஆர் முறை நடைமுறைக்கு வந்தது. வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கும் வானுக்கும் 20 லீற்றர். ஆகஸ்டுக்கு முந்திய தொடக்க நாட்களில், இலக்கத் தகட்டின் கடைசி எண் எந்த நாளில் வரலாம் என்பதை முடிவுசெய்தது. சில வாரங்களில் வரிசைகள் சுருங்கின. எரிபொருள் பெருகிவிட்டதால் மட்டும் அது நடக்கவில்லை. தன் பங்கு தனக்கு நிச்சயம் என்று தெரிந்த மனிதர் முண்டியடிப்பதில்லை. பதுக்க வேண்டிய காரணமும் அவருக்கு இல்லை.

பங்கீடு இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்தது. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 20 லீற்றர் என்றால் வாரம் 240 கிலோமீற்றர், நாளுக்கு 34 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 180 கிலோமீற்றர். உங்கள் வாழ்க்கையில் முதன்முறையாக எரிபொருளைக் கிலோமீற்றரில் எண்ணினீர்கள், திங்கட்கிழமையே வாரத்தைத் திட்டமிட்டீர்கள். தனிப்பட்ட வாகனம் வைத்திருந்த பெரும்பாலோருக்கு அந்த அளவு ஏறத்தாழப் போதுமாக இருந்தது. ஆனால் முச்சக்கரவண்டிக்கு அதே கணக்கைப் போட்டால் வாரம் நூறு, நூற்று இருபது கிலோமீற்றர் மட்டுமே வரும். ஹயர் ஓடிப் பிழைப்பவருக்கு அது ஒரு நாள் ஓட்டம். பொருளாதாரச் சரிவில் வாகனத்தை வசதிக்காக வைத்திருப்பவர் பழக்கத்தை மாற்றுகிறார், பிழைப்புக்காக வைத்திருப்பவர் வருமானத்தையே இழக்கிறார். இந்த வேறுபாடு பின்னால் வரும் வேண்டுகோள்களுக்கும் அடிப்படை.

வாகனத்தை வீட்டில் விட்டவர்கள் சைக்கிளை எடுத்தார்கள். கொழும்பில் அலுவலக உடையோடு சைக்கிளில் போவது புதுமையாகப் பேசப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சைக்கிள் கிடைப்பது அரிதாகி விலையும் எகிறியது. வடக்கில் இது புதுமையாக இருக்கவில்லை. 1990இலிருந்து நீடித்த பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றிருந்தது. மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. ஆசிரியர், வைத்தியர், வியாபாரி எல்லோரும் லுமாலா சைக்கிளில் போனார்கள். விறகும் மரக்கறியும் நோயாளியும் சைக்கிளில் போயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். தடை நீங்கி ஏ9 வீதி திறந்த பிறகு மோட்டார் சைக்கிள்கள் பெருகின, சைக்கிள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வயோதிபர்களுக்கும் உரியதாகச் சுருங்கியது. 2022இல் அது மறுபடி கொட்டிலிலிருந்து வெளியே வந்தது. நெருக்கடி வரும்போது சைக்கிளும் வரும், நெருக்கடி போகும்போது அதுவும் போய்விடும் என்பதற்கு வடக்கு இரண்டு தடவை சாட்சியாகியிருக்கிறது.

ஓடிய வாகனங்களும் வேறுவிதமாக ஓடின. வேகம் குறைந்தது, குளிரூட்டி அணைந்தது, கேட்டுக்கு முன்னால் இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்பது நின்றது. இவை யாவும் பலனுள்ளவை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. மணிக்கு 80 கிலோமீற்றரில் இருப்பதைவிட 100 கிலோமீற்றரில் அது 56 சதவீதம் அதிகம். அதிவேக நெடுஞ்சாலையில் 20 கிலோமீற்றர் வேகத்தைக் குறைப்பவர் அந்தத் தடையைத் தள்ளும் எரிபொருளை மிச்சம்பிடிக்கிறார். காற்றுக் குறைந்த டயர் வீதியில் அதிகமாக நசுங்கி உருள்வதால் இயந்திரத்துக்குச் சுமை கூடுகிறது. சிறிய கார் ஒன்று நின்ற இடத்தில் ஒரு மணித்தியாலம் இயங்கினால் அரை லீற்றருக்கும் ஒரு லீற்றருக்கும் இடைப்பட்ட அளவு எரிந்துபோகும். முன்னால் சிவப்பு விளக்கைக் கண்டதும் காலை எடுத்து வண்டியை மெதுவாக உருளவிடுபவர், கடைசி நொடிவரை வேகமாகப் போய்ப் பிரேக்கை மிதிப்பவரைவிடக் குறைவாகச் செலவழிக்கிறார். பிரேக் தேய்வதும் குறைகிறது.

மிச்சம்பிடிப்பதாக எண்ணிச் செய்யப்பட்ட தவறுகளும் உண்டு. முதலாவது, கடுகண்ணாவை, றம்பொடை போன்ற இறக்கங்களில் கியரை நியூட்ரலில் போட்டு உருளவிடுவது. இன்றைய எரிபொருள் உட்செலுத்தும் இயந்திரங்கள், கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கும்போது எரிபொருளைத் தாமாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இயந்திரம் நிற்காமலிருக்க எரிபொருள் தேவை. எனவே மிச்சமும் இல்லை, இயந்திரத்தின் பிடியும் போய்விடுகிறது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழ, அது சூடேறித் தன் வலுவை இழக்கிறது. சாவியையே அணைத்துவிட்டு இறங்குபவரின் நிலை இன்னும் மோசம். ஓரிரு தடவை மிதித்ததும் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

இரண்டாவது தவறு கலப்படம். பெற்றோல் 470 ரூபாவுக்கு விற்றபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே இருந்தது; 2022 ஆகஸ்டில்தான் அது 340 ரூபாவாக்கப்பட்டது. ஐந்து மடங்குக்கும் மேலான விலை வித்தியாசம் கலக்கச் சொல்லித் தூண்டியது. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் அளவு குறைவு. பெற்றோல் இயந்திரத்தில் அது தட்டலை உண்டாக்கும், கரி படியவைக்கும், எரியாத மிச்சம் கீழிறங்கி ஒயிலின் பாகுத்தன்மையைக் குறைக்கும். மிச்சம்பிடித்த பணம் சில மாதங்களில் கராஜுக்குப் போனது. மண்ணெண்ணெயை நம்பிய மீனவருக்கும் விளக்கேற்றும் தோட்டக் குடும்பத்துக்கும் அது கிடைக்காமல் போனது தனிக் கணக்கு. மூன்றாவது தவறு, படுக்கையறையிலும் சமையலறைக்குப் பக்கத்திலும் பெற்றோலைச் சேமித்தது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவி எங்கோ இருக்கும் ஒரு சுடரைத் தேடிப் பிடிக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு பராமரிப்பைத் தள்ளிப்போட்டது. அது ஓசையில்லாமல் நடந்ததால் இன்றுவரை கணக்கில் வரவில்லை. ரூபா சரிந்ததும் டயர், பற்றரி, பிரேக் பட்டை, ஒயில் எல்லாவற்றின் விலையும் எரிபொருளைப் போலவே ஏறின. எரிபொருள் இல்லாமல் வாகனம் நகராது; ஆனால் தேய்ந்த டயரோடு நகரும், ஒயில் மாற்றாமலும் நகரும். அதனால் இருந்த பணம் எரிபொருளுக்குப் போனது. டயரின் காடிகள் மழைநீரை வெளியேற்றி றப்பர் வீதியைத் தொடுவதற்கு வழிசெய்பவை. காடி அழிந்த டயர் நனைந்த வீதியில் நீர்ப்படலத்தின் மேல் சறுக்கும், பிரேக் பிடித்தாலும் நிற்காது. இரண்டு பருவமழைகள் மாறிமாறிப் பெய்யும் நாட்டில் இதன் பொருள் என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தத் தீவின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள்.

பொருளாதாரச் சரிவில் ஓட்டும் பழக்கம் மாறுவது பிற நாடுகளிலும் நடந்ததுதான். சரிவு முடிந்த பிறகு அந்த மாற்றம் நிலைத்ததா என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. அமெரிக்காவில் 2008இல் வேலையிழப்பும் எரிபொருள் விலையேற்றமும் சேர்ந்து வந்தபோது மக்கள் ஓட்டிய தூரம் குறைந்தது. வீதி மரணங்கள் 2007இல் 41 ஆயிரத்துக்கு மேல் இருந்து 2011இல் 32 ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கின. ஓட்டிய தூரம் குறைந்த அளவைவிட மரணங்கள் குறைந்த அளவு பெரிது. இளம் சாரதிகளின் ஓட்டம், இரவுக் கேளிக்கைப் பயணங்கள் போன்ற ஆபத்துக் கூடிய பயணங்களே முதலில் நின்றன என்பது அதற்கு ஒரு விளக்கம். பொருளாதாரம் மீண்டது, பெற்றோல் மலிந்தது, 2016இல் மரணங்கள் மறுபடி 37 ஆயிரத்தைத் தாண்டின. அங்கே பழக்கம் பணப்பையோடு வந்து பணப்பையோடு போனது.

நெதர்லாந்தில் வேறுவிதமாக நடந்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது, நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது தடைசெய்யப்பட்டது. வெறுமையான நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். அந்த ஞாயிறு ஓட்டத் தடை இரண்டு மாதங்களில் நீங்கியது. ஆனால் கார் விபத்துகளில் பிள்ளைகள் பலியாவதை எதிர்த்து ஏற்கெனவே வீதிக்கு இறங்கியிருந்த பெற்றோரின் குரலோடு அந்த அனுபவமும் சேர்ந்து, சைக்கிளுக்கெனத் தனிப் பாதைகள் கேட்கும் கோரிக்கையாக வளர்ந்தது. 1971இல் மூவாயிரத்துக்கும் மேலாக இருந்த அந்நாட்டு வீதி மரணங்கள் பின்னர் அதில் ஒரு சிறு பகுதியாகக் குறைந்தன. கியூபாவில் சோவியத் எண்ணெய் நின்ற 1990களில் சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் அதிகமான சைக்கிள்கள் இறக்கப்பட்டன. இடமுள்ள அரச வாகனங்களை மஞ்சள் உடை அணிந்த அலுவலர்கள் வீதியில் மறித்துக் காத்திருப்போரை ஏற்றிவிட்டார்கள். வறுமை தந்த பழக்கத்தை நிலைக்கவைப்பது விலையல்ல, அதற்காக மக்கள் செய்யும் ஏற்பாடுகள் என்பதை இந்நாடுகள் காட்டுகின்றன.

இலங்கையில் அப்படியான ஏற்பாடு எதுவும் மிஞ்சவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஒப்புதல் கிடைத்தது, செப்டம்பர் முதலாம் திகதியோடு கியூஆர் முறை முடிவுக்கு வந்தது. 2020 மார்ச் முதல் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனிப்பட்ட கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தாங்கி நிரம்பியதும் பழைய ஓட்டம் திரும்பியது. ஒருவர் மட்டும் அமர்ந்த கார்கள் கொழும்பின் காலி வீதியை நெரிசலில் ஊர்ந்து கடக்கின்றன. பாடசாலை வாசலில் இயந்திரத்தை அணைக்காமல் அரை மணித்தியாலம் நிற்கிறீர்கள். 2022இல் நீங்களே சைக்கிளில் போன வீதியின் ஓரத்தில் இன்று சைக்கிள்காரரை ஹோன் அடித்து ஒதுக்குகிறீர்கள். எரிபொருள் பற்றி ஒரு வதந்தி கிளம்பினால் அன்றிரவே செட்டில் வரிசை. இதற்கிடையே, ஐந்து ஆண்டு இறக்குமதித் தடையால் வாகனங்கள் முதுமை அடைந்திருக்கின்றன. பழைய வாகனத்துக்குப் பராமரிப்பு இன்னும் கூடுதலாகத் தேவை. நீங்கள் தள்ளிப்போட்ட சேர்வீஸ் மட்டும் தள்ளிப்போட்டபடியே இருக்கிறது.

உங்கள் தரப்பில் இரண்டு நியாயங்கள் சொல்லப்படுகின்றன. என் பணத்தில் வாங்கும் பெற்றோலை நான் எப்படி எரித்தால் என்ன என்பது ஒன்று. ரூபா உங்களுடையது, உண்மை. ஆனால் அந்த லீற்றரை நாட்டுக்குக் கொண்டுவந்த டொலர் எல்லோருக்கும் பொதுவானது. தேயிலைக் கொழுந்து பறிப்பவரும், ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவரும், மத்திய கிழக்கில் வேலை செய்பவரும் ஈட்டியது. மருந்தும் அதே டொலரில்தான் வருகிறது. 2022இல் வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்ததும் செட்டில் பெற்றோல் தீர்ந்ததும் ஒரே காரணத்தால். பொது உண்டியலில் இருந்து எடுப்பவர் அளவறிந்து எடுக்க வேண்டும்.

பஸ் ஒழுங்காக ஓடாத நாட்டில் வாகனத்தை விட்டுவிட்டு எதில் போவது என்பது மற்றது. இது வலுவான நியாயம். குறித்த நேரத்தில் வராத பஸ்ஸையும், பயணிகளைப் பிடிக்க ஒன்றையொன்று முந்தி ஓடும் பஸ்களையும் நம்பி ஒருவர் தன் மோட்டார் சைக்கிளை விற்க மாட்டார். பொதுப் போக்குவரத்தைத் திருத்துவது அரசின் கடமை, அதை உங்கள் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்தத் திருத்தத்தைக் கேட்டு வாங்கும் பலம் உங்களிடமே இருக்கிறது. காரில் ஏறியதும் பஸ்ஸை மறந்துவிடுகிற வாக்காளர்கள் இருக்கும்வரை எந்த அரசாங்கமும் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாது.

ஆகவே வேண்டுகோள்கள் ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியாக முன்வைக்கப்படுகின்றன.

தனிப்பட்ட கார், வான் வைத்திருப்பவர்களே, வாரத்துக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கைக் கியூஆர் இல்லாமலும் வைத்திருங்கள். ஒரே திசையில் போகும் அயலவரையும் சக ஊழியரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். 2022இல் கேட்கக் கூசாதவர்கள் இன்று கூசத் தேவையில்லை. காத்திருக்கும் இடத்தில் இயந்திரத்தை அணையுங்கள். வதந்தியைக் கேட்டுத் தாங்கியை நிரப்ப ஓடாதீர்கள். அரைத் தாங்கி உள்ளவர் வரிசையில் நிற்கும்போது, உண்மையில் தேவைப்படும் ஒருவர் ஓர் இடம் பின்னால் தள்ளப்படுகிறார்.

மோட்டார் சைக்கிள்காரர்களே, நாட்டில் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களில் அரைவாசிக்கு மேல் உங்களுடையவை. ஒன்றிரண்டு கிலோமீற்றர் தூரத்துக்கு, உடல் இடங்கொடுத்தால், சைக்கிளை எடுங்கள். இரண்டு சில்லில் ஓடும் வாகனத்துக்கு ஒரு தேய்ந்த டயர் என்றால் பாதிப் பிடிமானம் போய்விட்டது என்று பொருள். எந்தச் செலவைக் குறைத்தாலும் டயரையும் பிரேக்கையும் குறைக்காதீர்கள். அந்தப் பட்டியலில் தலைக்கவசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முச்சக்கரவண்டிச் சாரதிகளே, நெருக்கடியின் சுமை உங்கள் மேல்தான் அதிகமாக விழுந்தது. லீசிங் தவணையும் வீட்டுச் செலவும் எரிபொருள் இல்லாத நாட்களிலும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மிச்சம்பிடிக்கும் வழியாகக் கலப்படத்தையும் நியூட்ரல் இறக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவை இன்று தரும் நூறு ரூபாவை நாளை ஆயிரமாக்கித் திரும்ப வாங்கும். பங்கீடு மறுபடி வந்தால் ஹயர் ஓடுபவருக்குத் தனி அளவு வேண்டும் என்பதைத் தட்டுப்பாடு வருமுன்பே உங்கள் சங்கங்கள் எழுதிக் கேட்கட்டும்.

பஸ், லொறி உரிமையாளர்களே, உங்கள் ஒரு பிரேக் பட்டையில் ஐம்பது பேரின் உயிர் தொங்குகிறது. தள்ளிப்போட்ட பரிசோதனைகளை முடித்த பின்னரே அந்த வாகனத்தை மலைநாட்டு வீதிகளுக்கு அனுப்புங்கள். ஓய்வில்லாமல் சாரதியை ஓட்டவைத்து இழந்த வருமானத்தை மீட்க முயலாதீர்கள்.

அனைவருக்கும் பொதுவாக மூன்று கோரிக்கைகள். சைக்கிளில் போகிறவருக்கு வீதியில் இடம் விடுங்கள்; உங்கள் நகரசபையிடமும் பிரதேச சபையிடமும் சைக்கிளுக்குப் பாதையும் நிறுத்துமிடமும் கேளுங்கள். பெற்றோலை வீட்டுக்குள் சேமிக்காதீர்கள். இந்த மாதத்துக்குள் ஒரு நாள் ஒதுக்கி, டயரின் காடி, காற்றழுத்தம், பிரேக், ஒயில், விளக்கு ஆகிய ஐந்தையும் பார்த்துவிடுங்கள். அடுத்த நெருக்கடி எப்போது வந்தாலும், அன்று புதிதாகப் பழகவேண்டியது எதுவும் உங்களுக்கு இருக்கக்கூடாது.